ஆறு பருவமும் இரண்டு ஊசியும்

குளிர் வந்த பிறகு கம்பளி தேடுவது, தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுவதை ஒக்கும். மலைநாட்டில் வாழும் நம் சகோதரிகளுக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மார்கழி பிறந்ததும் கடைக்கு ஓடி நூல் வாங்கி ஊசியைக் கையில் எடுப்போர் பலர். சமையல், தண்ணீர், பிள்ளைகள், தொழில் என்பவற்றுக்கிடையே அந்த ஊசி நாளொன்றுக்கு அரை மணி நேரமே அசைகிறது. சட்டைக்குக் கை பூட்டி முடிக்கும்போது பங்குனி வெயில் முற்றத்தில் நிற்கிறது. அடுத்த குளிருக்குள் குழந்தை வளர்ந்துவிடுகிறது. சட்டை பெட்டிக்குள் போகிறது.

இது சோம்பலின் குற்றமன்று, கணக்கின் குற்றம். கையால் பின்னுகின்றவள் எப்பொழுதும் ஒரு பருவம் முன்னதாகவே தொடங்க வேண்டும். எப்பொழுது தொடங்குவது என்று சொல்லச் சுவரில் தொங்கும் நாட்காட்டி போதாது. யன்னலுக்கு வெளியே மரத்திலும் ஓடையிலும் வானத்திலும் வேறொரு நாட்காட்டி விரிந்து கிடக்கின்றது. அதனைப் படிக்கப் பழகியவள் கையிலே வேலை காலத்தோடு முடியும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியுமே உரிய பெரும்பொழுது என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் அதிக உயரத்தில் அமைந்த நுவரெலியாவில் ஒரு கூதிரைக் கழித்தவர்கள் அந்த இலக்கணத்தின் பொருத்தத்தை உடம்பாலேயே உணர்ந்திருப்பார்கள்.

கையால் பின்னுவது எதற்கு?

ஒரு கேள்வி எழலாம். நுவரெலியாக் கடைகளில் ஆயத்தக் குளிராடைகள் குவிந்து கிடக்கும்போது, கைநோகப் பின்னுவது எதற்கு? நியாயமான கேள்விதான். மலிவாகக் கிடைக்கும் நல்ல சட்டையை வாங்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் கடைச் சட்டைக்கு இல்லாத குணம் ஒன்று கைப்பின்னலுக்கு உண்டு. அது பிரிக்கக்கூடியது. தைத்த துணியை வெட்டினால் அது துண்டு. பின்னிய துணியைப் பிரித்தால் அது மீண்டும் நூல். தாத்தாவின் பழைய சுவெற்றர் பேரனின் சட்டையாகும். பேரன் வளர்ந்தபின் அதே நூல் அவன் தங்கையின் தொப்பியாகும். கம்பளி நூல் கடல் கடந்து வருவது. அதன் விலையும் நம் கையில் இல்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அனுபவித்த நாம், வீட்டிலே உள்ள நூலை மறுபடியும் நூலாக்கத் தெரிந்திருப்பதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

ஊசியும் நூலும்

வேண்டுவன மிகச் சில. 4 மில்லிமீற்றர் கனமுள்ள ஊசிகள் இரண்டு. நம் அன்னையர் காலத்து அளவில் இது 8ஆம் இலக்க ஊசி. நடுத்தரக் கனமுள்ள நூல், மழுங்கிய முனையுள்ள பெரிய தையலூசி, அளவு நாடா, கத்தரிக்கோல். இவ்வளவே.

பின்னற் கலை முழுவதும் இரண்டே கண்ணிகளில் அடங்கும். ஆங்கிலப் புத்தகங்கள் 'நிட்' என்றும் 'பேர்ல்' என்றும் வழங்கும் அவற்றை நாம் நேர்க்கண்ணி, மறுகண்ணி என்று குறிப்போம். நூலை வேலைக்குப் பின்புறம் வைத்து, ஊசியைக் கண்ணியின் முன்னாலிருந்து பின்னாகச் செலுத்தி நூலை இழுத்தெடுத்தால் நேர்க்கண்ணி. நூலை முன்புறம் கொண்டுவந்து, ஊசியைப் பின்னாலிருந்து முன்னாகச் செலுத்தி நூலை இழுத்தெடுத்தால் மறுகண்ணி. எல்லா வரிசைகளையும் நேர்க்கண்ணியாகவே பின்னினால் வயல் வரப்புப்போல் மேடு பள்ளமான துணி கிடைக்கும். இதை வரப்புப் பின்னல் என்போம். ஒரு வரிசை நேராகவும் அடுத்த வரிசை மறுவாகவும் பின்னினால் முன்புறம் வழுவழுப்பாக அமையும். இது சமப் பின்னல். ஒரே வரிசையில் ஒரு கண்ணி நேர், ஒரு கண்ணி மறு என மாற்றி வந்தால் இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும் துணி கிடைக்கும், இது இழுகரை. தொப்பியின் விளிம்புக்கும் சட்டையின் மணிக்கட்டுக்கும் ஏற்றது இதுவே.

நூலைத் தெரிந்தெடுப்பதில் கவனம் வேண்டும். உண்மையான ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் தொட்டால் நனைந்ததுபோல் தோன்றாது. தீப்பொறி பட்டாலும் எளிதில் பற்றிக்கொள்ளாது. அக்றிலிக் நூல் விலை குறைந்தது, துவைக்க எளியது. ஆனால் நெருப்புக்கு அருகே உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பைச் சுற்றிக் குழந்தைகள் குளிர்காயும் வீடுகளில் இந்த வேறுபாட்டைச் சிறிதாக எண்ணலாகாது.

மற்றுமொரு செய்தி. சூட்டை உண்டாக்குவது கம்பளியன்று. உடலின் சூட்டை வெளியேறவிடாமல் காப்பது இழைகளுக்கிடையே அடைபட்ட காற்றே. ஆதலால் இறுக்கிப் பின்னினால் அதிகம் சூடு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். கண்ணிகள் தளர்ந்தும் சீராகவும் அமைவதே நலம்.

எந்த வேலைக்கும் முன்னர் மாதிரித் துண்டு ஒன்று பின்னிக்கொள்ளுங்கள். 30 கண்ணிகள் ஏற்றி, சமப் பின்னலாக ஐந்து அங்குலம் பின்னி, கழுவி உலர்த்தி, நடுவிலே நான்கு அங்குலத்துக்கு எத்தனை கண்ணிகள் என்று எண்ணுங்கள். 22 இருந்தால் கீழே வரும் கணக்குகள் சரியாகப் பொருந்தும். கூடுதலாக இருந்தால் உங்கள் கை இறுக்கம். ஒரு படி பருத்த ஊசியை எடுங்கள். குறைவாக இருந்தால் மெல்லிய ஊசியை எடுங்கள்.

கார்: பழையது பிரிக்கும் காலம்

ஆவணி மாதத்தில் மலையோடைகளைக் கவனியுங்கள். பாறைக்குப் பாறை தாவி, நீண்ட வாலை ஓயாமல் மேலுங் கீழும் ஆட்டிக்கொண்டு, சாம்பல் முதுகும் மஞ்சள் வயிறுமாக ஒரு சிறு பறவை தென்படும். வடக்கேயிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வரும் வாலாட்டி அது. வலசை வரும் பறவைகளில் முந்தி வந்து சேர்பவற்றுள் ஒன்று. தென்மேற்குப் பருவமழை இன்னும் முழுதாக ஓயாத அந்நாளிலேயே வடக்கில் குளிர் தலைகாட்டிவிட்டதை அது நமக்கு அறிவிக்கிறது.

வாலாட்டியைக் கண்டால் பெட்டியைத் திறவுங்கள். சிறுத்துப்போன சட்டைகள், முழங்கை ஓய்ந்த சுவெற்றர்கள் ஆகியவற்றை வெளியே எடுத்து, மூட்டுத் தையல்களை மட்டும் மெல்ல வெட்டி, கழுத்துப் பக்கத்திலிருந்து பிரிக்கத் தொடங்குங்கள். பிரித்த நூல் சுருள்சுருளாக இருக்கும். அதனை அப்படியே பின்னினால் துணி சீராக வராது. நாற்காலியின் முதுகிலே சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் சவர்க்காரமிட்டு அலசி, அடியிலே சிறிது பாரம் கட்டித் தொங்கவிடுங்கள். உலர்ந்ததும் சுருள் நீங்கி நூல் புதுமை பெறும். பின்னர் பந்தாகச் சுற்றலாம்.

வீட்டிலே மிஞ்சும் சிறு பந்துகள் வீணல்ல. நான்கைந்து பெண்கள் கூடினால் அவற்றால் ஒரு போர்வை ஆக்கலாம். 42 கண்ணிகள் ஏற்றி வரப்புப் பின்னலாக எட்டு அங்குலச் சதுரம் ஒன்று பின்ன வேண்டும். சதுரம் சரியா என்றறிய மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் சரி. ஒரு சதுரத்துக்கு ஏறக்குறைய 20 கிராம் நூல் செல்லும. குறுக்கே ஐந்து, நெடுக்கே ஏழு என 35 சதுரங்களை இணைத்தால் 40 அங்குல அகலமும் 56 அங்குல நீளமும் கொண்ட போர்வை கிடைக்கும்.

இந்தப் போர்வை அழகுக்காக மட்டுமன்று. அடுத்து வரும் ஐப்பசி, கார்த்திகை மலைநாட்டில் மண்சரிவுக்குரிய காலம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. எச்சரிக்கை வந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இரவிலே பாடசாலைக் கட்டடத்துக்கோ கோயில் மண்டபத்துக்கோ செல்ல நேர்ந்தால், உலர்ந்த கம்பளிப் போர்வை ஒன்று பெருந்துணையாகும். முக்கிய பத்திரங்களை வைக்கும் பையிலேயே அதனையும் பொலித்தீனில் சுற்றி வைத்திருப்பது மாதர் சங்கங்கள் வீடுதோறும் சொல்லவேண்டிய யோசனை.

கூதிர்: குழந்தையின் தொப்பி

புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ ஒரு மாலைப்பொழுது, புதருக்குள்ளிருந்து இரண்டு சுரங்கொண்ட சீழ்க்கை ஒலி கேட்கும். ஆறுமணிக்குருவி வந்துவிட்டது. விடியலிலும் அந்தியிலும் தவறாது கூவுவதால் பெற்ற பெயர் அது. இமயமலை அடிவாரம் போன்ற வடபுலங்களிலிருந்து இரவிரவாகப் பறந்து வருவதால், வந்திறங்கும் நாளில் களைத்துச் சோர்ந்து வீட்டுத் தாழ்வாரத்தில் விழுந்து கிடப்பதும் உண்டு. அவ்வாறு கண்டால் பூனைக்கு எட்டாதபடி இருளான பெட்டியொன்றில் சில நாழிகை இளைப்பாறவிட்டு, பின்னர் புதரோரம் விட்டுவிடுங்கள்.

இதே நாட்களில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு இன்னொரு விருந்தாளி வருகிறது. கம்பளிக்குப் பெயர்போன காஷ்மீரப் பகுதியில் கூடு கட்டி, இலங்கையின் மலைகளிலும் தென்னிந்திய மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் குளிர்காலம் கழிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் அது. கைக்குள் அடங்கும் சிறு உடம்பு. ஆண் பறவையின் கழுத்தும் மார்பும் செம்மஞ்சளாக இருக்க, இரு ஓரமும் கருநிறக் கரையிட்டதுபோல் தோன்றும். இதனைக் காண்பதற்கென்றே பல நாட்டவரும் அந்தப் பூங்காவுக்கு வருகின்றனர்.

ஆறுமணிக்குருவி கூவினால், மார்கழி தையில் பிரசவம் எதிர்பார்க்கும் வீட்டில் ஊசி அசையத் தொடங்க வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தலையே பெரிது. உடலின் மேற்பரப்பில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு அது. ஈரத்தோடு பிறக்கும் சிசு மிக விரைவாகச் சூட்டை இழக்கும். அதனால்தான் குழந்தையை உடனே துடைத்து, தாயின் மார்போடு மேனி படக் கிடத்தி, தலைக்குத் தொப்பி அணிவிக்க வேண்டுமென்றும், முதற் குளிப்பை ஒரு நாளாவது தள்ளிவைக்க வேண்டுமென்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. நிறை குறைந்து பிறந்த குழந்தைக்கு இது இன்னும் முக்கியம். மூன்று மாலை வேலையில் முடியும் ஒரு தொப்பி, ஓர் உயிரின் முதல் நாட்களுக்குக் காவலாக நிற்கிறது.

செய்முறை இது. 74 கண்ணிகள் ஏற்றுங்கள். ஒன்று நேர், ஒன்று மறு என இழுகரையாக ஓர் அங்குலம் பின்னுங்கள். பிறகு சமப் பின்னலுக்கு மாறி, தொடக்கத்திலிருந்து மொத்தம் நான்கு அங்குலம் ஆகும்வரை தொடருங்கள். மறுகண்ணி வரிசையோடு நிறுத்துங்கள். இனி உச்சி குறைத்தல். முதற் கண்ணியை நேராகப் பின்னி, அதன்பின் "ஏழு நேர், இரண்டைச் சேர்த்து ஒன்று" என்பதை எட்டு முறை செய்து, கடைசிக் கண்ணியை நேராகப் பின்னினால் 66 கண்ணிகள் எஞ்சும். அடுத்த வரிசை முழுவதும் மறு. அதற்கடுத்து "ஆறு நேர், இரண்டைச் சேர்த்து ஒன்று" என எட்டு முறை, 58 எஞ்சும். இவ்வாறே ஒவ்வொரு நேர் வரிசையிலும் ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று எனக் குறைத்து வந்தால் 18 கண்ணிகள் எஞ்சும். ஒரு மறு வரிசைக்குப் பின், ஓரக் கண்ணிகள் இரண்டையும் விட்டு மற்றவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னினால் பத்து. நூலை நீளமாக வெட்டித் தையலூசியில் கோத்து, பத்துக் கண்ணிகளினூடும் செலுத்தி இறுக்கி, அதே நூலால் பின்புற மூட்டைத் தையுங்கள். 50 கிராம் பந்தில் பாதிக்கு மேல் செல்லாது.

சில எச்சரிக்கைகள். நாடா, பொத்தான், உரோமக் குஞ்சம் எதையும் இதில் வைக்க வேண்டாம். குழந்தையின் கழுத்துக்கும் வாய்க்கும் அவை ஆபத்து. மூட்டுத் தையல் தடித்து உறுத்தாமல் இருக்கட்டும். முதல் நாட்கள் கழிந்தபின் உறங்கும் குழந்தைக்கு வீட்டினுள் எப்பொழுது தொப்பி வேண்டும், எப்பொழுது வேண்டாம் என்பதை மருத்துவமாதிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொப்பி முகத்தின்மேல் சரிவதும், அளவுக்கு மீறிய சூடும் நல்லவையல்ல.

முன்பனி: வானத்தைப் பின்னும் மப்ளர்

மார்கழி, தை மாதங்களில் இரவு வானத்தைப் பாருங்கள். முகில் மூடிய இரவு அவ்வளவு கொடியதன்று; முகிலே பூமிக்குப் போர்வையாகி நிலத்தின் சூட்டைத் தடுத்து வைக்கும். வானம் துலங்கி, விண்மீன்கள் நெருங்கித் தோன்றி, காற்றும் அடங்கிய இரவே அஞ்சத்தக்கது. மறுநாள் விடியலில் நுவரெலியாப் புற்றரைகள் வெள்ளை விரித்திருக்கும். அந்த உறைபனி காண்பதற்கு அழகு. கிழங்குத் தோட்டத்துக்கும் தேயிலைக் கொழுந்துக்கும் அது நெருப்பு. வெயிலேறியதும் இலைகள் கருகி நிற்கும். அந்தத் தோட்டக்காரனின் வயிறும் உடன் எரியும்.

மார்கழிப் பூரணையோடு சிவனொளிபாதமலை யாத்திரையும் தொடங்கி, வெசாக் பூரணை வரை நடைபெறும். 2,243 மீற்றர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் சூரியோதயத்துக்காகக் காத்திருக்கும் நேரம், ஏறி வியர்த்த உடம்பிலே குளிர் ஊசியாய் இறங்கும். தாழ்நிலத்திலிருந்து வருவோர் மெல்லிய சேலையோடும் வேட்டியோடும் நடுங்கி நிற்பதை அங்கே காணலாம். கழுத்தையும் காதையும் சுற்றும் ஒரு மப்ளர் இருந்தால் பாதிக் குளிர் போகும்.

அந்த மப்ளரை ஆண்டு முழுவதும், நாளுக்கு இரண்டு வரிசையாகப் பின்னும் முறை ஒன்றைச் சொல்கிறோம். பிற நாடுகளில் வழக்கிலுள்ள இம்முறை நம் மலைநாட்டு வானத்துக்கு மிகவும் ஏற்றது. ஐந்து நிறங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெயில் நாளுக்கு மஞ்சள், மழைக்கு நீலம், மூடுபனிக்குச் சாம்பல், உறைபனிக்கு வெள்ளை, வெயிலும் மழையும் கலந்த நாளுக்குப் பச்சை. தை முதல் நாளன்று 40 கண்ணிகள் ஏற்றி, அன்றைய வானத்தின் நிறத்தில் இரண்டு வரிசை நேர்க்கண்ணி பின்னுங்கள். அது ஒரு வரப்பு. மறுநாள் மறு வரப்பு. ஐந்து வரப்புக்கு ஓர் அங்குலம் எனக் கொண்டால், 365 வரப்புகளுக்கு 73 அங்குலம். ஆண்டு முடிய ஆறடி மப்ளர் கழுத்தில் இருக்கும்.

மொத்தம் 200 கிராம் அளவிலான நூலே செல்லும். மிச்சப் பந்துகளே போதுமானவை. நிறம் மாறும்போது விடும் நூல் நுனிகளை அன்றன்றே துணிக்குள் கோத்து மறைத்துவிடுங்கள். கடைசியில் பார்ப்போம் என்று விட்டால் நூற்றுக்கணக்கான நுனிகள் உங்களை அயரச் செய்யும். வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கொடுங்கள்: அன்று வானம் என்ன நிறம் என்று மாலையில் அவர்கள் சொல்லட்டும். தாய் பின்னுவாள், பிள்ளை கவனிக்கும். ஒரு வாரம் முழுவதும் நீலமாயிருந்ததை நெடுநாள் கழித்தும் விரலால் தொட்டு எண்ணலாம்.

பின்பனி: இரு நிறப் பின்னல்

மாசி, பங்குனியில் மேற்குச் சாரலில் வறண்ட காற்று வீசும். நுவரெலியா, திம்புள்ளைத் தேயிலைக்கு மணம் கூடும் காலம் இது. கம்பிகளில் வரிசையாய் அமர்ந்திருந்த தகைவிலான் குருவிகள் புறப்படுவதற்கு அமளிப்படும். மஞ்சளும் வெள்ளையுமான வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாகப் பறந்து செல்லும். அவை சிவனொளிபாதத்தை வணங்கி உயிர்விடச் செல்கின்றன என்பது மலைநாட்டு மக்களின் பழைய நம்பிக்கை. வண்ணத்துப்பூச்சிக்கும் அம்மலைக்கும் சிங்களத்தில் 'சமனல' என்ற ஒரே பெயர் வழங்குவதும் கவனிக்கத்தக்கது.

வெளிச்சம் நிறைந்த இந்நாட்கள் கண்ணுக்கு வேலை தரும் இரு நிறப் பின்னலைப் பழக ஏற்றவை. அதன் புகழ்பெற்ற தாயகங்களில் ஒன்று, ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி, ஷெட்லாந்து தீவுக் கூட்டங்களுக்கு இடையே கிடக்கும் பெயார் ஐல் என்னும் சிறு தீவு. நூறு பேர்கூட வாழாத அத்தீவின் பின்னலை, 1922ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் கோல்ப் மைதானத்தில் அணிந்து உலகறியச் செய்தார். அதே தீவில் 1948ஆம் ஆண்டில் பறவை ஆய்வு நிலையம் ஒன்றும் நிறுவப்பட்டது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வலசை போகும் பறவைகள் அங்கே தங்கிச் செல்வதே காரணம். கம்பளியும் பறவையும் அங்கும் அயலவரே. ஷெட்லாந்து இன ஆடுகளின் உரோமம் கோடை தொடங்கும்போது தானாகவே தளரும்; முற்காலத்தில் கத்தரி படாமல் கையாலேயே அதனைக் களைந்தெடுத்தனர். பருவத்தைக் கவனியாதவனுக்கு அங்கே நூல்கூட இல்லை.

அவர்களது விதி எளியது. கோலம் எத்தனை நிறங்களுடையதாயினும், ஒரு வரிசையில் இரண்டு நிறங்களுக்கு மேல் வராது. பின்னாத நிறம் துணியின் பின்புறமாகத் தளர்வாகத் தொடர்ந்து வரும். ஐந்து கண்ணிக்கு மேல் அது தொங்கலாகாது; தொங்கினால் குழந்தையின் விரல் சிக்கும். இவ்வாறு நூல் இரட்டிப்பதால் துணியும் கூடுதல் சூடு தரும். நம் வீட்டு வாசற் கோலத்தின் புள்ளிக் கணக்குத் தெரிந்த பெண்ணுக்குச் சதுரத் தாளில் இதற்கு மாதிரி வரைவது கடினமன்று.

இளவேனில்: கழுவி வைக்கும் காலம்

சித்திரையில் நுவரெலியா விழாக்கோலம் பூணும். மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் காண வருவோர் தெருவை நிறைப்பர். ஆறுமணிக்குருவியின் குரல் இப்பொழுது கேட்பதில்லை. அது வடக்கே போய்விட்டது. குருவி போனதும் கம்பளிகளைக் கழுவுங்கள்.

வெதுவெதுப்பான நீர், மென்மையான சவர்க்காரம். தேய்க்கவும் முறுக்கவும் கூடாது. சூடும் உராய்வும் சேர்ந்தால் கம்பளி சுருங்கித் தடித்துவிடும். அழுத்தி நீரை வடித்து, துவாயில் வைத்துச் சுருட்டி ஈரம் போக்கி, தட்டையாக விரித்து நிழலில் உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தால் சட்டை நீளும். அழுக்கும் வியர்வையும் உள்ள கம்பளியையே அந்துப்பூச்சியின் புழு விரும்பி அரிக்கும். ஆதலால் கழுவாமல் ஒன்றையும் பெட்டியில் இடாதீர்கள். உலர்ந்த வேப்பிலையோ கற்பூரமோ துணியில் முடிந்து வைக்கலாம். எனினும் மாதமொரு முறை எடுத்து உதறுவதே சிறந்த காவல்.

முதுவேனில்: பெயர் வேனில், காலம் மழை

ஆனி, ஆடியை முதுவேனில் என்றனர் முன்னோர். நம் மேற்கு மலைச் சாரலிலோ அவை அடைமழை மாதங்கள். ஆண்டில் 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெறும் வட்டவளைப் பக்கத்தில் இக்காலத்தில் துணி உலர்வதே அரிது. அதே நாட்களில் மலையின் மறுபுறம், பதுளை, பண்டாரவளையில் வறண்ட காற்று வீசி ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றும். ஆகவே இருபுறத்துச் சகோதரிகளும் தத்தம் சாரலின் குறிகளையே பார்க்க வேண்டும்.

இம்மழையோடு ஒரு சொல்லின் வரலாறும் இணைந்துள்ளது. பழைய நாளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குத் தலையிலிருந்து முதுகுவரை போர்த்தியது முரட்டுக் கம்பளி. தோட்டத் துரைமார் எழுதிய ஆங்கில நூல்களிலும் அது 'கம்ப்ளி' என்றே நுழைந்தது. பல தோட்டங்களில் அதன் விலை தொழிலாளியின் கணக்கிலே எழுதப்பட்டுக் கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது. மலைக்குச் சூடு தந்த கைகள், தமக்குரிய சூட்டை விலை கொடுத்தே பெற்றன.

அக்கைகளுக்காக ஒரு சிறு வேலை. விரல்கள் வெளியே இருக்க மணிக்கட்டையும் உள்ளங்கையையும் மூடும் உறை. பெரட்டுக் களத்துக்குச் செல்லும் விடியற் குளிருக்கு உகந்தது. 40 கண்ணிகள் ஏற்றி, இரண்டு நேர், இரண்டு மறு என இழுகரையாக ஏழு அங்குலம் பின்னி முடியுங்கள். நீளப்பாட்டில் மடித்து ஓரங்களைச் சேர்த்துத் தையுங்கள். மேல் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் தைத்து, பெருவிரலுக்கு ஒன்றேமுக்கால் அங்குலம் விட்டு, மிகுதியைத் தைத்துவிட்டால் ஓர் உறை ஆயிற்று. மற்றொன்றும் இவ்வாறே, இடம் வலம் என்ற வேறுபாடு இல்லை. அடைமழை மாலைகளில் பின்னத் தொடங்கினால் கூதிருக்கு முன் வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரு சோடி ஆகிவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கும் இது நல்ல முதற் பாடம். வளைவும் இல்லை, குறைப்பும் இல்லை. கண்ணி எண்ணத் தெரிந்தால் போதும்.

ஆடி கழிந்ததும் ஓடைக் கரையில் வாலாட்டி மறுபடியும் வந்து நிற்கும். அது எத்தனையோ கடவைகளைத் தாண்டி, எவரும் நாள் குறித்துக் கொடாமலே, தன் காலத்தில் வந்து சேர்கிறது. நம் வீடுகளிலும் அவ்வாறே ஆகட்டும். மார்கழியில் பிறக்கப்போகும் குழந்தைக்குத் தொப்பி கார்த்திகையிலேயே மடித்து வைக்கப்பட்டிருக்கட்டும்.